இடது கை, எளிது

ரத்தக்காரம்மா முகங்களை அதிகம் பார்த்ததில்லை. கைகளைத்தான் பார்த்தாள். முப்பத்தொரு வருடம், ஒரே பிரசவ ஆஸ்பத்திரி, மாடிப்படிக்கு அடியில் ஒரே அறை. கதவைத் திறந்தால் ஒரு மேசை, இரண்டு முக்காலி, ஒரு குளிர்பெட்டி, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு மிஷின். யாராவது படியேறினால் தலைக்கு மேல் தடதடவென்று கேட்கும். ஏறுவது கர்ப்பிணியா, டாக்டரா, டீ கொண்டுவருகிற ஆளா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

மாதமாக இருக்கும் பெண் முதல்முறை வந்தால் அட்டை போடுவார்கள். அந்த அட்டையோடு வியாழக்கிழமை காலையில் இந்த அறைக்கு வர வேண்டும். முழங்கை மடிப்பிலிருந்து கொஞ்சம் ரத்தம். அதில் ரத்த வகை பார்ப்பாள். இரும்புச் சத்து பார்ப்பாள். பிறகு, தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடிய மூன்று தொற்றுகள்: எச்.ஐ.வி., சிபிலிஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. மூன்றுக்கும் மூன்று ஸ்ட்ரிப். ஒரு கோடு என்றால் இல்லை. இரண்டு கோடு என்றால் இருக்கிறது. முடிவை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

வேலையில் அவளுக்கு இரண்டு பிடிவாதம். முதலாவது, "நீதானே இன்னார்?" என்று யாரையும் கேட்கமாட்டாள். பயந்து வந்தவள் எதைக் கேட்டாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுவாள். "உன் பேரைச் சொல்லும்மா" என்றுதான் கேட்பாள். சொன்ன பேர் அட்டையில் இருந்தால்தான் ஊசி. ஊசி எடுத்த கையோடு, அவள் முக்காலியை விட்டு எழுவதற்குள் குழாயின் மேல் பேர். இரண்டாவது, பதிவேட்டின் கடைசிக் கட்டம். 'குறிப்பு' என்று அச்சடித்திருக்கும் அந்தக் கட்டத்தை எல்லா ஆஸ்பத்திரியிலும் காலியாக விடுவார்கள். அவள் அதில் கையைப் பற்றி எழுதினாள். 'வலது, ஆழம்.' 'இடது, உருளும்.' 'இடது, எளிது.' அடுத்த தடவை அந்தப் பெண் வந்தால் தேடாமல் குத்தலாம் என்பதற்காக. தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் இது என்ன ரகசிய மொழி என்று கேட்டார். "சமையல்காரன் அடுப்புக்குத் தக்க தீ வைக்கிற மாதிரிங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் அவள் இறந்தாள். மகளுக்குத் தெரியாத பெண்கள் நிறையப் பேர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். என்ன சொல்வதென்று தெரியாத ஒருத்தி சட்டைக்கையைச் சுருட்டி முழங்கை மடிப்பைக் காட்டினாள். "இங்கதாங்க எடுத்தாங்க. வலிக்கவே இல்ல" என்றாள். மகள் தலையாட்டினாள். மகள் தொழிற்சாலைத் தராசுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். அளவு சொல்ல முடியாத விஷயத்தில் அவளுக்கு வாய் எழாது.

ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் இருக்கும்போது ரத்தக்காரம்மாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு குழம்பிய நாள் வேறு இல்லை.

அன்று காலை ஒன்பது நாற்பதுக்கு மாடியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியக் காரணம் பிரசவ அறைத் தலைமை நர்ஸ். குழந்தை வெளியே வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நாலு அறைக்குக் கேட்கும்படி மணி சொல்வாள். அதனால் அவளுக்கு மணிக்கூண்டு என்று ரத்தக்காரம்மா பேர் வைத்தாள். பதிலுக்கு மணிக்கூண்டு வைத்ததுதான் ரத்தக்காரம்மா என்ற பேர். இரண்டும் நிலைத்துவிட்டன.

குழந்தையின் தாய்க்கு இருபத்திரண்டு வயது. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் வாழும் இரண்டு மருமகள்களில் இளையவள். பிரசவம் சுகம். ஆனால் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடுதல். பெரிய டாக்டர் அட்டையைப் பார்த்தார். 'பி பாசிட்டிவ்' என்றிருந்தது. அந்த வகையில் ஒரு பை தயாராக இருக்கட்டும் என்று கீழே சொல்லி அனுப்பினார்.

யார் என்ன சொல்லி அனுப்பினாலும் மறுபடி ஒரு சொட்டு எடுத்து வகை பார்த்துவிட்டுத்தான் ரத்தக்காரம்மா பையைத் தொடுவாள். தட்டோடு மாடிக்குப் போனாள். இளையவள் சொன்ன பேர் அட்டையில் இருந்த பேர்தான். ஊசியைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இடது கையில் ரப்பர் பட்டை கட்டியும் ஒன்றும் எழும்பவில்லை. வலது கையும் அப்படியே. கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. கடைசியில் புறங்கையில் நூல் மாதிரி ஒரு நரம்பு கிடைத்தது.

கீழே வந்து வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் சொட்டுகளை வைத்துக் கலக்கினாள். பி வகையாக இருந்தால் பி மருந்தில் ரத்தம் திரிந்து கட்டிகட்டியாக வர வேண்டும். வரவில்லை. ஏ மருந்திலும் வரவில்லை. ஓ வகை.

கல்யாணம் ஆனால் வீடு மாறும், இனிஷியல் மாறும். ரத்த வகை மாறாது. மருந்து கெட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்து, தன் விரலைக் குத்தித் தன் ரத்தத்தை வைத்துப் பார்த்தாள். அவள் ஏபி. இரண்டு மருந்திலும் திரிந்து ஏபி என்றே வந்தது. மருந்து நன்றாக இருக்கிறது. மறுபடி மாடியேறி மற்ற புறங்கையில் எடுத்தாள். மறுபடி ஓ. அட்டையை நம்பி பி ரத்தத்தை ஏற்றியிருந்தால் அந்தப் பெண்ணின் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். ஓ வகைப் பை ஒன்றைத் தயார் செய்து அனுப்பினாள். அதற்குள் ரத்தப்போக்கு தானாக நின்றுவிட்டது. பை திரும்பி வந்தது.

நல்லபடியாக முடிந்ததே, விடுங்கள் என்று மணிக்கூண்டு சொல்லிப் பார்த்தாள். ரத்தக்காரம்மாவால் விட முடியவில்லை. அட்டையில் ரத்த வகை தப்பு என்றால், அதற்குக் கீழே அதே கையெழுத்தில் இருக்கும் மூன்று 'இல்லை'களை எப்படி நம்புவது? காலையில் எடுத்த ரத்தத்திலேயே மூன்று ஸ்ட்ரிப்பும் போட்டாள். எச்.ஐ.வி.க்கு ஒரு கோடு. சிபிலிஸுக்கு ஒரு கோடு. ஹெபடைடிஸ் பி ஸ்ட்ரிப்பில் இரண்டாவது கோடு, பென்சிலால் போட்ட மாதிரி, மெல்ல வந்து அழுத்தமானது. இன்னொரு ஸ்ட்ரிப் போட்டாள். இரண்டு கோடு. வேறு பெட்டியைப் பிரித்துப் போட்டாள். இரண்டு கோடு. மணி பன்னிரண்டேகால்.

இப்போது கேள்வி குழந்தையைப் பற்றியது. இந்தத் தொற்று பிரசவ நேரத்தில் தாயின் ரத்தம் வழியாகக் குழந்தைக்குப் போகும். பச்சைக் குழந்தை உடம்பில் நுழைந்தால் பெரும்பாலும் போகவே போகாது. சத்தமில்லாமல் இருந்துவிட்டு நாற்பது வயதில் ஈரலில் தலைகாட்டும். தடுக்க இரண்டு ஊசி உண்டு. ஒன்று தடுப்பூசி. அதை எல்லாக் குழந்தைக்கும் போடுவதால் மணிக்கூண்டு பத்து மணிக்கே போட்டுவிட்டாள். இரண்டாவது, வேறொருவர் ரத்தத்திலிருந்து தயார்நிலையில் எடுத்து வைத்த எதிர்ப்புச் சக்தி. இம்யூனோகுளோபுலின் என்று பேர். தாய்க்குத் தொற்று இருந்தால் மட்டும் போடுவது. பிறந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது. அது இந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோரில் இருக்கிறது. போக இரண்டு, வர இரண்டு, அதுவும் வண்டி வழியில் நிற்காமல் வந்தால். கெடு இரவு ஒன்பது நாற்பது. வண்டி வழியில் நிற்காமல் வந்தால்.

பெரிய டாக்டர் அட்டையையும் ஸ்ட்ரிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்க லேப் ஏழு மாசத்துக்கு முன்னாடி இல்லைன்னு எழுதியிருக்கு. இன்னைக்கு இருக்குன்னு சொல்லுது. நான் எந்த லேபை நம்பறது?"

"ரெண்டும் நான்தான் டாக்டர்."

"அதைத்தான் கேக்கறேன்."

பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல. ரத்தக்காரம்மாவின் எதிரிலேயே ஸ்டோருக்கு போன் போட்டார். ஸ்டோர்காரரிடம் எல்லா அட்டைகளின் பட்டியலும் இருந்தது. இந்த எண்ணுக்கு நேராக 'இல்லை' என்றிருக்கிறது, மருந்து இருப்பதே மூன்று குப்பி, அட்டையைத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்ற காரணத்தோடு, சோதித்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் தருகிறேன் என்றார். டாக்டர் போனை வைத்தார். ரத்த மாதிரி மாறிவிட்டது என்று இரண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கள், வண்டி கிளம்பட்டும் என்றார்.

இரண்டு வார்த்தைதான். எழுதினால் வண்டி கிளம்பும். ஆனால் மாதிரி மாறியது உண்மையானால், அன்று அந்த அறைக்கு வந்த வேறு யாரோ ஒருத்தி தப்பான அட்டையை வைத்துக்கொண்டு வெளியே திரிகிறாள். அவளுக்கும் ஒரு நாள் ரத்தம் ஏற்றுவார்கள். அவளுக்கும் ஒரு குழந்தை பிறக்கும். மாறவில்லை என்றால் அவள் எழுதுவது பொய். எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டு மணி வரைக்கும் டைம் குடுங்க டாக்டர். அதுக்குள்ள தெரியலைன்னா என் தப்புன்னே எழுதிடறேன்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்றார். டிரைவரைச் சாப்பிட்டுத் தயாராக இருக்கச் சொன்னார்.

ரத்தக்காரம்மா ஏழு மாதத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுத்தாள். அந்த வியாழக்கிழமை இருபத்து மூன்று பேர். கையெழுத்து அவளுடையதுதான். எழுத்து வரிசையில் நிற்காமல் கீழே இறங்கியிருந்தது. தேதியைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. கணவர் இறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது. அன்று என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். வந்ததும் ஞாபகம் இல்லை, போனதும் ஞாபகம் இல்லை. இருபத்து மூன்று கைகளில் குத்தியிருக்கிறாள். ஒன்றுகூட நினைவில் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானைக்குச் சறுக்கியதாவது தெரிந்திருக்கும்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். ஹெபடைடிஸ் பி கட்டத்தில் இருபத்து மூன்றும் 'இல்லை'. இதுவும் குழப்பியது. குழாய்கள் மாறியிருந்தால் இளையவளின் ரத்தம் வேறு பேரிலாவது அங்கே இருந்திருக்க வேண்டும். எங்காவது ஒரு வரியில் 'இருக்கிறது' என்று வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. தொற்று அதற்கப்புறம் வந்ததோ? வந்திருக்கலாம். அப்படியானால் ரத்த வகை ஏன் மாறியது? ஒரு முனையை இழுத்தால் மறுமுனை சிக்கியது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மணி ஒன்று.

மகளுக்கு போன் போட்டாள். பேர் சொல்லவில்லை, நோய் சொல்லவில்லை. ஒரே ஆளை இரண்டு தடவை அளந்தேன், இரண்டு விடை வருகிறது, கருவி சரியாக இருக்கிறது, எதை நம்ப என்று மட்டும் கேட்டாள். மகள் ஒரு சிமெண்ட் கிடங்கில் தராசு மேடையின் மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க வேலையில இது தினமும் வரும்மா. தராசு தப்பா இருக்கும்னு எல்லாரும் அதையே பிரிச்சுப் போடுவாங்க. ரெண்டு தடவையும் ஏறினது ஒரே மூட்டைதானா? முதல்ல அதைப் பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் லாரி நின்றது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருக்கலாம் என்று மகள் இப்போது நினைக்கிறாள்.

ரத்தக்காரம்மா பதிவேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இளையவளின் வரி. பேர், வயது, வீட்டு எண், முடிவுகள். கடைசிக் கட்டம். அதில் அவள் கையெழுத்தில், சரிந்த எழுத்தில்: இடது, எளிது.

காலையில் இளையவளின் இடது கையில் பட்டை கட்டிக் கால் மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தவள் அவள்தான். அந்தக் கையை எந்த ஜென்மத்திலும் 'எளிது' என்று எழுதியிருக்கமாட்டாள். துக்கத்தில் இருந்தாலும், தூக்கத்தில் இருந்தாலும். அது வேறு மூட்டை.

யாருடையது? பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். இப்போது பேர்களைப் பார்க்கவில்லை, வீட்டு எண்களைப் பார்த்தாள். முந்தைய வியாழக்கிழமை, ஒன்பதாவது வரி, அதே வீட்டு எண். வேறு பேர். பி பாசிட்டிவ். மூன்றும் இல்லை. குறிப்பு: இடது, எளிது.

மூத்தவள் ஒன்றரை மணிக்கு வந்தாள். ஒரு தோளில் மூன்று மாதக் குழந்தை, மறு கையில் ஃபிளாஸ்க்கும் துணிப்பையும். ஓரகத்திக்குக் கஞ்சி கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி மாடிக்கு வழி கேட்டாள். ரத்தக்காரம்மா அவளைப் படியேற விடாமல் தன் அறைக்குக் கூப்பிட்டு, முக்காலியில் உட்காரவைத்து, கதவைச் சாத்தினாள்.

"இடது கையை நீட்டும்மா."

நீட்டினாள். பட்டை கட்டவே வேண்டாம். பச்சைக் குழாய் மாதிரி நரம்பு துலக்கமாக ஓடியது.

"இதுல நான் ரெண்டு தடவை எடுத்திருக்கேன்."

"ஒரு தடவைங்க. இவனுக்காக." குழந்தையைக் காட்டினாள்.

"அதுக்கு அடுத்த வியாழக்கிழமையும் வந்தே."

மூத்தவள் குழந்தையைத் தோள் மாற்றினாள். மேலே யாரோ படியேறினார்கள்.

"அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சாங்க?"

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ரத்த வகை ஒத்துப்போகலை. மாத்தி ஏத்தியிருந்தா நல்லா இருந்திருக்கமாட்டா."

அதற்கு மேல் சொல்லவில்லை. இரண்டு கோட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. அது இளையவளுடைய விஷயம். முதலில் அவள் காதுக்குத்தான் போக வேண்டும்.

மூத்தவள் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். இளையவளுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அட்டை போட்ட அன்றே ஊசி இருக்கிற தட்டைப் பார்த்து மயங்கி விழுந்தவள். போதாக்குறைக்கு வாந்தி. ரத்தம் கொடுக்காமல் அட்டை செல்லாது, அட்டை செல்லாமல் படுக்கை கிடைக்காது என்று மாமியார் காலையிலிருந்து ராத்திரிவரை ஒரே பாட்டு. கேட்டுக் கேட்டு இவளுக்குக் காது புளித்துவிட்டது.

"எனக்கு ஊசின்னா எறும்பு கடிச்ச மாதிரி. அட்டையை வாங்கிட்டு நான் வந்துட்டேன். எனக்கும் அப்போ வயிறு இருந்துச்சு, யாருக்கு சந்தேகம் வரும்? ஒரே உலையில வடிச்சதைத்தான் ரெண்டு பேரும் சாப்பிடறோம். ரத்தம் மட்டும் வேறயாவா இருக்கப் போகுதுன்னு நெனச்சேங்க."

"நான் பேரைக் கேட்டேனே."

"கேட்டீங்க. அவ பேரைச் சொன்னேன். நீங்க நிமிந்து பாக்கல."

ரத்தக்காரம்மா பதிவேட்டை மூடினாள். முப்பத்தொரு வருடமாக எல்லாத் தப்புக்கும் வேலி கட்டி வைத்திருந்தாள். தலையாட்டுகிறவளுக்கு வேலி, மறதிக்கு வேலி, குழாய் மாறுவதற்கு வேலி. பிரியத்தால் பொய் சொல்லுகிறவளுக்கு ஒரு வேலி வேண்டும் என்று தோன்றியதில்லை. கோபப்படலாமா என்று பார்த்தாள். கோபம் வரவில்லை. தன் தப்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"மாமியாருக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க" என்றாள் மூத்தவள்.

"உங்க மாமியார்கிட்ட எனக்கு என்ன வேலை? கஞ்சி ஆறுது, போ."

அட்டையில் பழைய முடிவுகளின் குறுக்கே கோடு போட்டாள். புதிய முடிவுகளை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'முதல் மாதிரி இவருடையது அன்று' என்றும், எப்படித் தெரிந்தது என்ற இடத்தில் 'ரத்த வகை. கை' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் படித்துவிட்டு, அப்படியானால் யாருடையது என்றார். மருந்துக்கு அது தேவையில்லை என்றாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அட்டையைப் படம் எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார். மணி ஒன்று ஐம்பத்தைந்து.

வண்டி கிளம்புவதற்குள் ஸ்டோர்காரர் போன் போட்டார். ரத்தக்காரம்மாவிடமே பேச வேண்டும் என்றார்.

"ரத்த வகை புரியுது. கைன்னு எழுதியிருக்கீங்களே, அது என்னம்மா?"

"கைதாங்க. அன்னைக்குக் குத்தின கை வேற, இன்னைக்குக் குத்தின கை வேற."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஸ்டோர்ல எந்த அலமாரி எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இருபது வருடத்தில் யாரும் கையைக் காரணமாக எழுதியதில்லை என்றார் அவர். பிறகு, டிரைவரைக் குளிர்பெட்டி கொண்டுவரச் சொல்லுங்கள், ஐஸ் இங்கே கிடையாது என்றார்.

வண்டி போன பிறகு டாக்டர் இளையவளிடம் சொன்னார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ரத்தக்காரம்மாவை மட்டும் நிற்கச் சொன்னார். இளையவள் முதலில் கேட்டது பால் கொடுக்கலாமா என்பது. கொடுக்கலாம் என்றார் டாக்டர். தனக்கு எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. அவள் பிறந்தபோது அவளுடைய தாயிடமிருந்தே வந்திருக்கலாம், வேறு விதமாகவும் வந்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது, கணவரைச் சோதிக்க வேண்டும், அவள் வருடத்துக்கு இரண்டு தடவை ஈரலைக் காட்ட வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். இளையவள் எல்லாவற்றையும் கேட்டாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. டாக்டர் போன பிறகு ரத்தக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே வந்து குடுத்திருந்தா?"

"அப்பவே தெரிஞ்சிருக்கும். இப்பவும் தெரிஞ்சுடுச்சு. மருந்து வந்துட்டு இருக்கு."

"அக்காவுக்கு இருக்கா?"

"அவங்க ரத்தத்தைப் பத்தி அவங்ககிட்டதான் பேசுவேன். உன் ரத்தத்தைப் பத்தி உன்கிட்ட மட்டும் பேசற மாதிரி."

இளையவள் யோசித்தாள். அட்டையில் ஏழு மாதமாக இருந்த 'இல்லை' யாருடையது என்று கணக்குப் போட்டிருப்பாள். கையை விடவில்லை.

ரத்தக்காரம்மா நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிறவள். அன்று போகவில்லை. அறையைக் கூட்டினாள். சுத்தமாக இருந்த பீங்கான் ஓட்டை மறுபடி கழுவினாள். இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தாள். வண்டி ஆறு இருபதுக்கு வந்தது. ஒன்பது நாற்பதுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருபது நிமிடம். காலையில் தடுப்பூசி போட்ட தொடையை விட்டு மற்ற தொடையில் மணிக்கூண்டு போட்டாள். குழந்தை வீறிட்டது. ஆறு முப்பத்திரண்டு என்று மணிக்கூண்டு உரக்கச் சொன்னாள்.

அந்த விஷயம் அதோடு விடவில்லை. முதல் மாதிரி யாருடையது, ஆளை அடையாளம் காணாமல் எப்படி ரத்தம் எடுக்கப்பட்டது என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'பேரைச் சொல்லச் சொன்னேன். சொன்னார்' என்று ஒரு வரியில் பதில் எழுதினாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஒருத்தியைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனால் அதை எழுதிய பிறகு அவளுக்குத் தூக்கம் கெட்டது. இன்னும் எத்தனை பேர் இன்னொருத்தி பேரைச் சொல்லியிருப்பார்கள்? முப்பத்தொரு வருடம், வாரம் இருபது பேர். மகளிடம் கேட்டாள். கண்டுபிடிக்க வழியில்லை என்றாள் மகள். பழைய பதிவேடுகளை வைத்து ஏதாவது செய்ய முடியாதா என்றாள். முடியாது என்றாள் மகள்.

மீதி இருந்த நாலு மாதமும் முகங்களைப் பார்க்க முயன்றாள். பேரைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். முகத்தைப் பார்த்தால் நரம்பு தப்பியது. இரண்டு தடவை குத்த வேண்டி வந்தது. என்ன ரத்தக்காரம்மா, கை பழசாகிவிட்டதா என்று மணிக்கூண்டு கேலி செய்தாள். அவள் மறுக்கவில்லை. அட்டையோடு வருகிறவர்களிடம் வீட்டில் வேறு யாராவது மாதமாக இருக்கிறார்களா என்றும் கேட்க ஆரம்பித்தாள். பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், மறந்துவிட்டேன், வேறு அட்டையை எடுத்து வந்துவிட்டேன் என்று எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. அவள் யார் என்று ரத்தக்காரம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

குழந்தைக்கு மற்றத் தடுப்பூசிகள் எல்லாம் முடிந்து, பத்தாவது மாதத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். அப்போதுதான் தொற்று நின்றதா, நுழைந்துவிட்டதா என்று சொல்ல முடியும். அதற்குள் ரத்தக்காரம்மா ஓய்வு பெற்றிருந்தாள். நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, பஸ் ஏறி, தன் பழைய அறைக்கு வெளியே மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். இளையவளும் மூத்தவளும் சேர்ந்தே வந்தார்கள். இளையவள் குழந்தையை மடியில் வைத்து, ஊசி நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொண்டது மூத்தவள்.

புதிதாக வந்திருந்த லேப் பெண் நல்லவள். தாயைப் பார்த்துக் குழந்தையின் பேரைக் கேட்டாள். ரத்தக்காரம்மா எழுந்து கதவோரம் போய் நின்றாள். ஊசி, குழாய், குழாயின் மேல் எழுதிய பேர், சுழற்றும் மிஷின், சொட்டு, ஸ்ட்ரிப். கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண், இந்த அம்மா ஏன் இப்படி முறைக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் பார்க்க வேண்டிய ஸ்ட்ரிப்பை இருபது நிமிடம் பார்த்தார்கள்.

சாயந்திரம் மகளுக்கு போன் போட்டாள்.

"ஒரு கோடுதான்" என்றாள்.

"நிச்சயமா?" என்று மகள் கேட்டாள். வேலைப் பழக்கத்தில் கேட்டது.



"குழந்தை கையிலேர்ந்து ஸ்ட்ரிப் வரைக்கும் பாத்துக்கிட்டேதான் நின்னேன்" என்றாள் ரத்தக்காரம்மா. "இத்தனை வருஷத்துல அந்த ஒண்ணை மட்டும்தான் முழுசா பாத்தேன்."